‘உங்க வீட்டுல எப்படி?’ – பிறர் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கும் பண்பு

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வுக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘வகுப்பறையில் சமய நல்லிணக்கம்’. இந்தத் தலைப்பில் நாம் நிறைய உரைகள் கேட்டிருக்கிறோம். எல்லாச் சமயங்களும் அன்பைத்தான் போதிக்கின்றன என்று சொல்லி, கைதட்டி, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்திருக்கிறோம். அதனால் இன்று அதன் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றி நமக்கு உண்மையாகவே ஒன்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அவர் மனம் நோகாமல் அதை எப்படிக் கேட்பது? இதை நாம் எப்படிச் செய்வது, பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது என்பது மட்டுமே இன்றைய பேச்சு.

பிள்ளைகளுக்குக் கேள்விகள் இருக்கின்றன. நான் சமூக அறிவியல் ஆசிரியர். நடுநிலை வகுப்புகளில் எனக்கு வந்த சில கேள்விகளைச் சொல்கிறேன். “நோன்பு வெச்சா எச்சில் முழுங்கலாமா சார்?” “மாலை போட்டவங்க ஏன் எல்லாரையும் சாமின்னு கூப்பிடுறாங்க?” “மாதா கோயிலும் சர்ச்சும் ஒண்ணா, வேற வேறயா?” “எங்க தெருப் பதியில சாமிக்குப் பதிலா கண்ணாடி வெச்சிருக்காங்களே, அதுல யாரைக் கும்பிடுவாங்க?” இவற்றில் எதிலும் விஷமம் இல்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பற்றிய சாதாரண ஆர்வம்தான்.

இப்படி ஒரு கேள்வி வந்தால் நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, “அதெல்லாம் கேக்கக் கூடாது, உக்காரு” என்கிறோம். இன்னொன்று, “எல்லாச் சாமியும் ஒண்ணுதான்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். முதல் பதில் கேள்வியைக் குற்றமாக்குகிறது. இரண்டாவது பதில் நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனாலும் கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது. எச்சில் முழுங்கலாமா என்று கேட்ட பிள்ளைக்கு எல்லாச் சாமியும் ஒன்று என்பது எப்படிப் பதிலாகும்?

வகுப்பறையில் விடை கிடைக்காத கேள்வி அத்துடன் செத்துப்போவதில்லை. வேனுக்கும் டீக்கடைக்கும் கைப்பேசிக்கும் போகிறது. அங்கே விடை சொல்ல ஆள் இருக்கிறது. அந்த விடை பெரும்பாலும் அந்தச் சமயத்தைச் சாராத, அதைப் பற்றித் தெரியாத ஒருவரிடமிருந்து, கொஞ்சம் கேலியோ கொஞ்சம் கோபமோ கலந்து வருகிறது. ஏழாம் வகுப்பில் கேட்க முடியாமல் போன கேள்வி பத்தாம் வகுப்பில் வதந்தியாகத் திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அதே பிள்ளைகள் இரண்டு குழுவாக உட்கார்ந்திருப்பார்கள்.

கேட்டு அறிந்த மரபு

பிறர் சமயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நமக்குப் புதிய வழக்கம் இல்லை. மணிமேகலையின் முப்பது காதைகளில் இருபத்தேழாவது காதைக்குப் பெயரே ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’. வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் கொள்கையைத் தாமே சொல்கிறார்கள். கடைசியில் வரும் பூதவாதியிடம் மட்டும் அவள் சிரித்து எதிர்வாதம் வைக்கிறாள். மற்றபடி அந்தக் காதை முழுவதும் அவள் செய்வது கேட்பதுதான். காப்பியம் பௌத்தக் காப்பியம். ஆனாலும் மற்றச் சமயங்களைச் சொல்ல அந்தந்தச் சமயத்தாரையே பேச வைக்கிறார் சாத்தனார்.

இன்னும் நெருக்கமான ஒரு முன்னோடி உ.வே.சாமிநாதையர். அவர் 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அப்போது வயது ஏறக்குறைய இருபத்தைந்து. சைவத் திருமடமான திருவாவடுதுறை ஆதீனத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்த ஆண்டு அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து அவருடைய வாழ்க்கையே வேறு பக்கம் திரும்பியது நமக்குத் தெரியும்.

சிந்தாமணி சமணக் காப்பியம். சொல்லுக்குப் பொருள் தெரிந்தாலும் சமணக் கோட்பாடு தெரியாமல் பல இடங்கள் விளங்கவில்லை. உடனிருந்த தமிழ்ப் புலவர்களுக்கும் தெரியவில்லை. சாமிநாதையர் என்ன செய்தார்? கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குப் போனார். அங்கே போனபோது, அவர் ஏட்டில் திணறிக்கொண்டிருந்த அதே சிந்தாமணியை அவர்கள் வீட்டில் வைத்து முறையாகப் படித்து, படித்து முடித்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் புதிராக இருந்த நூல் அவர்களுக்கு அன்றாடப் பக்திநூல். அதன்பின் சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்களிடம் திரும்பத் திரும்பச் சென்று ஐயம் கேட்டார். அவர் கேட்ட ஆர்வத்தைப் பார்த்து, அவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்று அவர்கள் சொன்னதை ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள உயிர் என்பது அதன் பொருள். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. பிறகு மணிமேகலையைப் பதிப்பிக்கும்போது பௌத்தத்தையும் அறிந்துகொண்டார்.

சாமிநாதையர் சமணராக மாறவில்லை. அவரிடம் கொள்கை விளக்கிய சமணர்களும் சைவராகவில்லை. யாரும் யாரையும் வெல்லவில்லை. கேட்டவர் தெரியாது என்பதை மறைக்காமல் கேட்டார்; சொன்னவர்கள் மகிழ்ந்து சொன்னார்கள்; தமிழுக்கு ஒரு காப்பியம் திரும்பக் கிடைத்தது.

இதில் நம் வகுப்பறைக்கு மூன்று செய்திகள் உள்ளன. அந்தச் சமயத்தை வாழ்கிறவர்களிடமே போய்க் கேட்டார். கேட்ட விடயத்தில் அவருக்கு உண்மையான தேவை இருந்தது. சொன்ன பதிலை வைத்து அவர்களைச் சிறுமைப்படுத்தவில்லை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேள்வியின் நிறம் மாறிவிடும்.

எந்தச் சொல் குத்துகிறது?

ஒரே கேள்வி ஒரு வாயிலிருந்து வரும்போது அன்பாகவும் இன்னொரு வாயிலிருந்து வரும்போது குத்தலாகவும் இருக்கிறது. குரல் மட்டும் காரணம் இல்லை. நம் தமிழில் சில சிறு சொற்கள் இந்த வேலையைச் செய்கின்றன. தமிழாசிரியர்கள் இதை இலக்கண வகுப்பிலேயே பேசலாம்.

முதலாவது, ‘ஆமே’. “நீங்க எல்லாம் பொழுது சாய்ஞ்சா சாப்பிட மாட்டீங்களாமே?” என்று ஒரு சமணக் குடும்பத்துப் பிள்ளையிடம் கேட்கிறோம். யாரோ உங்களைப் பற்றி எங்களிடம் சொன்னார்கள், அது எங்களுக்கு விநோதமாக இருக்கிறது, இப்போது நீ அதற்கு விளக்கம் சொல் என்ற மூன்றையும் இந்த ‘ஆமே’ சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, ‘கூட’. “தண்ணி கூடக் குடிக்கக் கூடாதா?” ரமலான் மாதத்தில் ஆசிரியர் அறையில் கேட்கும் கேள்வி. அனுதாபத்தோடுதான் கேட்கிறோம். ஆனால் நோன்பிருக்கும் அந்த ஆசிரியை முப்பது நாளும், ஆண்டுதோறும், பத்துப் பேரிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். அவர் விரும்பி மேற்கொண்ட ஒன்றை ஒரு தண்டனை போல ஆக்குகிறது இந்தக் ‘கூட’. “பொட்டு கூட வைக்க மாட்டியா?” என்று பெந்தெகொஸ்தே குடும்பத்துப் பெண்பிள்ளையிடம் கேட்பதும் இதே வகை.

மூன்றாவது, ‘நீங்க எல்லாம்’. எதிரில் நிற்பது பதினோரு வயதுப் பையன் ஒருவன். ‘நீங்க எல்லாம்’ என்றதும் அவன் தலையில் ஒரு கூட்டத்தையே ஏற்றிவிடுகிறோம். உலகத்தில் அந்தச் சமயத்தைச் சேர்ந்த யார் எங்கே என்ன செய்தாலும் அவன் பதில் சொல்ல வேண்டியவன் ஆகிவிடுகிறான்.

நான்காவது, ‘ஏன்’. இது கேள்விச் சொல்தானே, இதில் என்ன தவறு என்று தோன்றும். நம் பிள்ளைகள் ‘ஏன்’ என்ற சொல்லை நம்மிடமிருந்து எப்போது கேட்கிறார்கள்? “ஏன் லேட்டு?” “ஏன் வீட்டுப்பாடம் எழுதலை?” “ஏன் பெல்ட் போடலை?” பள்ளியில் ‘ஏன்’ என்பது விசாரணைச் சொல். அதே சொல்லில் “நீ ஏன் செருப்பு இல்லாம வந்திருக்கே?” என்று மாலை போட்ட மாணவனைக் கேட்டால், கேட்டது ஆர்வத்தில் என்றாலும் அவன் காதில் அது கண்டிப்பாகத்தான் விழும்.

மாற்றிக் கேட்பது கடினம் இல்லை. “நோன்பு எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எப்போ முடியும்?” “மாலை போட்டா என்னென்ன செய்வீங்க, எதெல்லாம் தவிர்ப்பீங்க?” “அதுக்கு உங்க வீட்டுல என்ன அர்த்தம் சொல்வாங்க?” எப்போது, எப்படி, என்ன என்று தொடங்கினால் பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்லும்போது தலை நிமிரும். கோட்பாட்டுக்குள் போவது அதற்குப் பிறகு, அவர்கள் விரும்பினால்.

இன்னொன்று, அவரவர் சொல்லையே பயன்படுத்துவது. நம் இஸ்லாமியர்களுக்குத் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல். கத்தோலிக்கர்களுக்குத் திருப்பலி, பூசை; சி.எஸ்.ஐ. சபையாருக்கு ஆராதனை. தென்மாவட்டங்களில் கத்தோலிக்கர்கள் தங்கள் ஆலயத்தைக் ‘கோயில்’ என்றே சொல்வார்கள். நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ‘ஐயர்’ என்பார்கள். அய்யாவழி அன்பர்களுக்குப் பதி, நிழல்தாங்கல், பணிவிடை. எந்தச் சொல் என்று தெரியாவிட்டால், “இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?” என்பதே நல்ல முதல் கேள்வி. நாம் தினமும் சொல்லும் ‘பள்ளி’ என்ற சொல்லைப் பாருங்கள். சமணப் பள்ளியிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் இருப்பது அதே சொல்தான். ஏழாம் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரியும்.

உண்மையான கேள்வியா?

நோகாமல் கேட்பது பற்றிப் பேசும்போது, கேட்கவே கூடாத ஒரு வகையையும் சொல்லியாக வேண்டும். “உங்க குலதெய்வம் எது? எந்த ஊர்ல இருக்கு?” கேட்பதற்குப் பக்தியான கேள்வி. நம் ஊரில் இது பல நேரங்களில் சாதியைத் தெரிந்துகொள்ளும் குறுக்கு வழி. “வீட்டுல சைவமா, அசைவமா?” என்பதும் அப்படியே. கேட்பவருக்கு அது தெரியும். கேட்கப்படும் பிள்ளைக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வி வந்தவுடன் அது கவனமாக, அரைகுறையாகப் பதில் சொல்லும். அந்தத் தயக்கத்தைப் பார்த்தால் போதும், கேட்டது சமயக் கேள்வி இல்லை என்று புரியும்.

அதனால் ஒரு கேள்வியைக் கேட்கும் முன் மூன்று விடயங்களை நான் என்னிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். இந்தப் பதிலைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? என் நம்பிக்கையைப் பற்றி இதே கேள்வியை, இதே இடத்தில், இத்தனை பேர் முன்னால் என்னிடம் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? பதில் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் அவர் மரியாதையோடு நகர்ந்துகொள்ள வழி இருக்கிறதா?

மூன்றாவது மிக முக்கியம். ஆசிரியர் கேட்டால் மாணவன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது நம் பள்ளிகளின் நடைமுறை. நாற்பது பேர் முன்னால் எழுப்பி, “நீ சொல்லுப்பா, உங்க பக்ரீத்ல என்ன செய்வாங்க?” என்று கேட்கும்போது, பெருமைப்படுத்துவதாக நாம் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கலாம். சொல்லத் தெரியாமல் இருக்கலாம். வகுப்பில் அவன் மட்டுமே அந்தச் சமயத்தவனாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து ஒரு பிள்ளையை அவன் சமயத்தின் தூதுவனாக்குவது நம் வேலை இல்லை. தனியாக, முன்னதாக, “நாளைக்கு இந்தப் பாடம் வருது. உனக்கு விருப்பம் இருந்தா சொல்லலாம், இல்லேன்னாலும் பரவாயில்லை” என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் மறுநாள் வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டே வந்துவிடுவார்கள்.

வகுப்பில் செய்யக்கூடியவை

நான் பயன்படுத்தும் சில எளிய வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, கேள்விப் பெட்டி. பழைய அட்டைப்பெட்டி போதும். பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்வியை எழுதிப் போடுவார்கள். நான் முதலில் தனியாக எல்லாவற்றையும் படித்துவிடுவேன். குத்தலான கேள்வி வந்தால் அதை அப்படியே வாசிக்க மாட்டேன். குத்தலுக்குள் உண்மையான ஐயம் இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்வேன். பிறகு வகுப்பில் கேள்வியை வாசித்து, “இதை இன்னும் மரியாதையா எப்படிக் கேக்கலாம்?” என்று கேட்பேன். விடையைவிட இந்தப் பயிற்சியில்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். நான்கைந்து வாரத்தில் பெட்டிக்குள் விழும் கேள்விகளின் மொழியே மாறிவிடும்.

இரண்டு, ‘எங்க வீட்டுல’ என்று தொடங்குவது. கேட்பவர் “உங்க வீட்டுல எப்படி?” என்று கேட்க வேண்டும், சொல்பவர் “எங்க வீட்டுல இப்படி” என்று சொல்ல வேண்டும். ஒரு சமயம் முழுமைக்கும் யாரும் பேச வேண்டியதில்லை. இதனால் இன்னொரு பயனும் உண்டு. ஒரே சமயத்துக்குள்ளேயே எத்தனை வேறுபாடு இருக்கிறது என்று பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பார்கள். ஒரு வீட்டில் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். இன்னொரு வீட்டில் புரட்டாசி முழுவதும் கவிச்சியே கிடையாது. இரண்டு வீடும் பதிவேட்டில் ஒரே சமயம்தான்.

மூன்று, பாடத்தோடு இணைப்பது. ரமலான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு மாதத்தில் வருகிறது என்ற கேள்வி அறிவியல் பாடம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதனால் ரமலான் ஆண்டுதோறும் அந்த அளவு முன்னால் நகர்கிறது. மார்ச் மாதத் தேர்வு நேரத்திலும் வரும், டிசம்பர் மழையிலும் வரும். ஐயப்ப பக்தர்களின் விரதம் 41 நாள். கிறித்தவர்களின் தவக்காலம், ஞாயிறுகளை நீக்கி, 40 நாள். சமயம் தோறும் மனிதர்கள் ஆண்டில் சில நாள்களைக் கட்டுப்பாட்டுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது ஒரு அட்டவணையில் தெளிவாகத் தெரியும். ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என்ற பேச்சு அங்கே எழுவதில்லை.

நான்கு, பதிலுக்குப் பின் என்ன சொல்வது என்று பழக்குவது. கேள்வி நன்றாக இருந்தும், பதில் வந்தவுடன் “அட, இதெல்லாம் நம்புறீங்களா!” என்றால் எல்லாம் பாழ். பிள்ளைகளுக்கு நான் மூன்று தொடர்கள் சொல்லிக் கொடுக்கிறேன்: “அப்படியா, எனக்குத் தெரியாது.” “இன்னும் கொஞ்சம் சொல்றியா?” “நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானா?” உடன்படு என்று யாரும் சொல்லவில்லை. புரிந்துகொண்டேன் என்று காட்டினால் போதும்.

அந்த எச்சில் கேள்விக்கு விடையையும் சொல்லிவிடுகிறேன். அன்று வகுப்பில் நோன்பிருந்த மாணவி ஒருத்தி தானாகவே எழுந்து, “தாராளமா முழுங்கலாம்! இல்லேன்னா நாள் பூரா துப்பிக்கிட்டேதான் இருக்கணும்” என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது, அவளும் சிரித்தாள். சின்னப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் நோன்பு கட்டாயம் இல்லை என்பதையும் அவளே சொன்னாள். கண்ணாடிக் கேள்விக்கு, அய்யாவழிக் குடும்பத்து மாணவன் ஒருவன் மறுநாள் பதில் கொண்டுவந்தான். கண்ணாடியில் தெரிவது கும்பிடுகிறவரின் உருவம்தான். இறைவன் தனக்குள்ளேயே இருக்கிறான் என்பதற்கு அது அடையாளம் என்று அவன் தாத்தா சொல்லியிருந்தார். அதற்குமேல் நான் சேர்க்க எதுவும் இல்லை.

சிக்கலான இடங்கள்

இங்கே சில ஐயங்கள் எழும். நியாயமானவை.

முதல் ஐயம், அரசுப் பள்ளியில் இதைப் பேசலாமா? அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனங்களிலும், மாணவரை அவருடைய சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. இந்த எல்லையை நாம் மறக்கவே கூடாது. ஆனால் ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. 51அ பிரிவில் உள்ள அடிப்படைக் கடமைகளில் சகோதர உணர்வை வளர்ப்பதும் இருக்கிறது, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பதும் இருக்கிறது. மரியாதையோடு கேள்வி கேட்கப் பழக்கும்போது இந்த இரண்டு கடமைகளையும் சேர்த்தே செய்கிறோம்.

இரண்டாவது ஐயம், எல்லாவற்றையும் “அப்படியா” என்று கேட்டுக்கொண்டு இருந்தால், தவறான வழக்கங்களை எப்போது கேட்பது? ஒரு பிள்ளையைச் சாதி காரணமாகக் கோயிலுக்குள் விடவில்லை என்றால், ஒரு சிறுமிக்குப் பதினைந்து வயதில் திருமணம் பேசினால், நோய்வாய்ப்பட்ட பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருந்தால், அங்கே நாம் நிற்பது நம்பிக்கையைப் பற்றிய கேள்வியில் இல்லை. ஒரு பிள்ளையின் உரிமையில் நிற்கிறோம். அங்கே சட்டம் இருக்கிறது, தலைமையாசிரியர் இருக்கிறார், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. தயங்காமல் செயல்பட வேண்டும். ஆனால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு வழிபாட்டை வகுப்பில் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது.

மூன்றாவது, நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை. நம் மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடவுள் மறுப்புக் கொள்கையோடு வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளையிடம், “சாமியே கும்பிட மாட்டியா? பரீட்சைக்குக் கூடவா?” என்று கேட்பதும் அதே ‘கூட’தான். “உங்க வீட்டுல எப்படி?” என்ற கேள்வி அவனுக்கும் பொருந்தும். அவன் வீட்டிலும் திருமணம் உண்டு, துக்கம் உண்டு. அவற்றை எப்படி நடத்துவார்கள் என்று அவன் சொல்லட்டும்.

நான்காவது, பிரசாதம். ஆயுத பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொண்டுவந்து நீட்டுவோம். ஒரு பிள்ளை கையை நீட்டாது. நீட்டியவருக்கு மனம் வருந்தும். மறுத்த பிள்ளைக்கும் அதே வருத்தம்தான். சில இஸ்லாமிய, கிறித்தவ வீடுகளில் படைத்ததை வாங்குவதில்லை. சில வீடுகளில் வாங்குவார்கள். பெயரை வைத்து ஊகிக்காமல், மேசையில் வைத்துவிட்டு “வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. எடுக்காதவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.

ஐந்தாவது, கேட்டது தவறிப்போய் ஒரு பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டால் என்ன செய்வது? கேட்ட மாணவனைத் திட்டினால் அடுத்த முறை அவன் கேட்கவே மாட்டான். “நீ தெரிஞ்சுக்கத்தான் கேட்டே, ஆனா அது அவளைக் கஷ்டப்படுத்தியிருக்கு. ஒரு ஸாரி சொல்லிடு” என்று சொன்னால் போதும். “நான் அப்படி நினைச்சுக் கேக்கலை” என்ற நீண்ட விளக்கம் வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் மாலையில் தனியாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

நமக்குள்ளும்

பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் நடப்பதைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் அறையில் நாம் ஒருவரையொருவர் என்ன கேட்கிறோம் என்பது ஜன்னல் வழியாக அவர்களுக்குக் கேட்கும். நோன்பிருக்கும் சக ஆசிரியையிடம் “தண்ணி கூடவா?” என்று கேட்பதற்குப் பதில், “இந்த மாசம் உங்களுக்கு எந்தப் பீரியடு முன்னாடி வெச்சா வசதி?” என்று கேட்கலாம். மாலை போட்டிருக்கும் ஆசிரியரிடம், “சாயங்காலப் பூஜைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் சார்?” என்று கேட்கலாம். புனித வெள்ளிக்கு முந்தின நாள் மாலை ஆலயத்துக்குப் போக வேண்டிய சகோதரியிடம், “அன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் நான் பாத்துக்கவா?” என்று கேட்கலாம். இவையும் சமயம் பற்றிய கேள்விகள்தான். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன் என்ற கேள்விக்கு விடை இவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த முகாம் முடிந்து பள்ளிக்குத் திரும்பும்போது ஒரே ஒரு வேலையை எடுத்துச் செல்லுங்கள். உங்களோடு பல ஆண்டுகளாகப் பணிபுரியும், வேறு நம்பிக்கை கொண்ட ஒருவரைப் பற்றி, உங்களுக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். அவருக்கு நேரம் இருக்கும்போது, தனியாக, “உங்க வீட்டுல இது எப்படி?” என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் வீட்டுக் கதையைத் தொடங்காதீர்கள். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து விடுங்கள். முதல் வாரம் வெற்றுத்தாள்தான் விழும். எடுத்துவிடாதீர்கள், கேள்விகள் வரும்.